ரீஸ்டார்ட் போடச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் கணினிக் கேள்வி–பதில் பகுதியில் குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வியைப் படித்தேன். துணிக்கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கைத் தினமும் ராத்திரி நகல் எடுத்து வைக்க, அவர் மகன் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, எழுதிக் கொடுத்திருக்கிறான். கையால் ஓட்டினால் ஓடுகிறது. இரவு 11 மணிக்குத் தானாக ஓடட்டும் என்று கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) போட்டால், காலையில் லாக் கோப்பில் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று இருக்கிறதாம். பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான், என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

உங்கள் பகுதியில் வந்த பதில் இது: கோப்புக்கு 777 அனுமதி கொடுங்கள், பாத் வரியை (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) பேஷ்ஆர்சி என்ற தொடக்கக் கோப்பில் சேருங்கள், கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் உபுண்டுவைப் புதிதாக நிறுவுங்கள்.

இந்த நான்கில் எதுவும் அவர் சிக்கலின் பக்கத்தில்கூடப் போகவில்லை. முதலாவது ஆபத்து. 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தலாம் என்று அர்த்தம். ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் தானாக ஓடுகிற கோப்புக்கு அந்த அனுமதியை ஏன் தர வேண்டும்? நான்காவதைச் செய்தால் பாவம் அவர் கணக்கே போய்விடக்கூடும், நகல்தான் இன்னும் எடுத்தபாடில்லையே.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சத்துவாச்சாரியில் வீடு. கடந்த பல வருடங்களாக எங்கள் அலுவலகத்தில் பாதிக் கணினிகள் உபுண்டுதான். பழைய இயந்திரங்கள், லைசென்ஸ் செலவு கிடையாது. குடியாத்தம்காரர் கேட்ட கேள்வி எனக்குப் பல வேஷங்களில் வந்திருக்கிறது. எல்லா வேஷத்துக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிகிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அடிக்கும்போது கட்டளைகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், பாத், லேங் போன்ற மாறிகளின் பெயர்கள் பெரிய எழுத்தில். லினக்ஸில் இரண்டும் வேறு வேறு.

யூனிக்ஸ் குடும்பத்தில் (லினக்ஸும் அந்த வழியில் வந்ததுதான்) கணினி எழும்போது தொடங்கும் முதல் ப்ராசஸை (ப்ராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தவிர்த்துப் பார்த்தால், நீங்கள் ஓட்டுகிற எந்த ப்ராசஸும் தானாக முளைப்பதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று, ‘ஃபோர்க்’ என்ற அழைப்பால் தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றெடுக்கும். அந்தப் பிள்ளை ‘எக்ஸெக்’ என்ற அழைப்பால் வேறு நிரலாக மாறிக்கொள்ளும். அப்படி மாறும்போது பெற்ற ப்ராசஸ் கொடுத்தனுப்பிய பெயர்–மதிப்புப் பட்டியல் ஒன்றின் நகல் அதன் கையில் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றைத்தான் என்விரான்மென்ட் வேரியபிள், சூழல் மாறி என்கிறோம். 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லோடு (ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) வந்த ஏற்பாடு இது. இன்று உபுண்டுவில் நாம் தட்டும் பேஷ், அதற்கு ஒன்பது வருடம் கழித்து பிரையன் ஃபாக்ஸ் எழுதத் தொடங்கியது. ஷெல் மாறினாலும் விதி அப்படியே இருக்கிறது.

நகல் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பிள்ளை தன் பட்டியலில் எதை மாற்றினாலும் பெற்றவருக்குத் தெரியாது. பிள்ளை பிறந்த பிறகு பெற்றவர் தன் பட்டியலை மாற்றினால் பிள்ளைக்கும் தெரியாது. 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் தனி மாவட்டங்களாக்கினார்கள். அதற்கு முன்னால் அச்சடித்த லெட்டர்பேடு கட்டு ஒன்று எங்கள் கம்பெனி அலமாரியில் இன்னும் இருக்கிறது, ‘வேலூர் மாவட்டம்’ என்றே. அரசாணை வந்துவிட்டது என்பதற்காக அச்சான தாளில் எழுத்து மாறிவிடுமா? ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸும் அந்தத் தாள்தான். புது முகவரி வேண்டுமென்றால் புதுத் தாள் அடிக்க வேண்டும்.

இப்போது குடியாத்தம் கணினிக்கு வருகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சன்னலில்) அவர் கையால் ஓட்டும்போது ஸ்கிரிப்டைப் பெற்றெடுப்பது அவருடைய பேஷ் ஷெல். அதனிடம் நீளமான பாத் இருக்கும். எந்தெந்தக் கோப்புறையில் கட்டளைகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் பட்டியல்தான் பாத். இரவு 11 மணிக்கு அதே ஸ்கிரிப்டைப் பெற்றெடுப்பது கிரான். அது அவருடைய டெர்மினலைக் கண்ணால் கண்டதில்லை. உபுண்டுவில் கிரான் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாத்தில் இரண்டே கோப்புறைகள்: யு.எஸ்.ஆர்-க்குள் இருக்கும் பின், வேர்க் கோப்புறையில் இருக்கும் பின். ஸ்நாப் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஒரு முறை) வழியாக நிறுவிய நிரல் ஸ்நாப்பின் பின்னில் இருக்கும். பையன் தன் கணக்கில் நிறுவியது வீட்டுக் கோப்புறையின் லோக்கல் பின்னில் இருக்கும். கிரானுக்கு அங்கெல்லாம் போய்த் தேடத் தெரியாது. அனுமதிக் குறை என்றால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தாலே தேடும் இடம் தவறு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பேஷ்ஆர்சியில் சேர்க்கச் சொன்னீர்கள். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த வாலாஜா தம்பி ஒருவனும் அதைத்தான் செய்துவிட்டு வந்து நின்றான்.

“இன்னாக்கா இது? பேஷ்ஆர்சில போட்டுக்கினுதான வந்தேன். நான் அடிச்சா வருது, அது அடிச்சா வரமாட்டேங்குது.”

“ராத்திரி அடிக்கிறது யாரு தம்பி? நீயா?”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே போய் கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டாப்பைத் திறந்தான். பேஷ்ஆர்சி என்பது மனிதர் உட்கார்ந்து தட்டுகிற பேஷ் ஷெல் எழும்போது படிக்கும் கோப்பு. கிரான் அதைத் தொடுவதில்லை. கிரான் கூப்பிடுவது பேஷையே அல்ல, ‘எஸ்ஹெச்’ என்ற ஷெல்லை. உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்ஹெச் என்பது டேஷ் என்கிற சின்ன, வேகமான ஷெல். பேஷில் ஓடுகிற ‘சோர்ஸ்’ கட்டளையோ இரட்டைச் சதுர அடைப்போ டேஷுக்குத் தெரியாது. அதற்கும் அதே ‘நாட் ஃபவுண்ட்’தான் வரும், ஆள் குழம்பிப்போவார். சரி, ஸ்கிரிப்டுக்குள்ளேயே பேஷ்ஆர்சியைப் படிக்கச் சொல்லி ஒரு வரி போடலாமே என்று கெட்டிக்காரர்கள் செய்வார்கள். உபுண்டு தரும் பேஷ்ஆர்சி கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு காவல் இருக்கிறது: மனிதர் உட்கார்ந்து தட்டும் ஷெல்லாக இல்லாவிட்டால் அங்கேயே திரும்பிப் போய்விடு என்று. நீங்கள் கடைசியில் சேர்த்த பாத் வரியை அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஆகவே அவர் இன்று ராத்திரி செய்ய வேண்டியது எளிது. கிரான்டாப்பில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘என்வ்’ கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேர்க்கட்டும். ஒரு நிமிடத்தில் கோப்பு வந்துவிடும். உடனே அந்த வரியை எடுத்துவிடலாம். அதே என்வ் கட்டளையைத் தன் டெர்மினலில் அடித்து இன்னொரு கோப்பில் வைத்துக்கொண்டு இரண்டையும் ‘சார்ட்’ போட்டு ‘டிஃப்’பில் ஒப்பிட்டால், ஒரு பக்கம் நீளமான பட்டியலும் மறுபக்கம் நாலைந்து வரியும் தெரியும். அந்த இடைவெளியில்தான் அவர் தேடும் விடை இருக்கிறது. பிறகு ஸ்கிரிப்டில் அந்த நிரலின் பெயர் வரும் இடத்தில் முழு முகவரியையும் எழுதிவிட்டால் போதும். முழு முகவரியைத் தெரிந்துகொள்ள டெர்மினலில் ‘டைப்’ என்று அடித்து நிரலின் பெயரைச் சேர்த்தால் அதுவே சொல்லும்.

கிரான்டாப்பின் தலையில் பாத் வரியையே எழுதிவிடுவதும் நல்ல வழி. எழுதும்போது பழைய பாத்தை டாலர் குறி போட்டு அழைக்கக் கூடாது. அங்கே கிரான் டாலரை விரிக்காது, எழுத்து எழுத்தாக அப்படியே வைத்துக்கொள்ளும். எல்லாக் கோப்புறைகளையும் முழுக்க எழுத வேண்டும். நகல் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. தேதிக் கட்டளையில் வரும் சதவீதக் குறி கிரான்டாப் வரியில் இருந்தால், கிரான் அதை வரிமுறிவாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும், அல்லது தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிட வேண்டும். டெர்மினலில் ஓடிய வரியை எழுத்துப் பிசகாமல் ஒட்டியும் கிரானில் ஓடவில்லை என்று அடித்துச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சதவீதக் குறியில் விழுந்தவர்கள்.

நகல் ஸ்கிரிப்ட் என்றால் பழைய நகலை அழிக்கும் வரியும் இருக்கும் அல்லவா, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அழிக்க வேண்டிய கோப்புறையின் பெயர் ஒரு மாறியில் இருக்கிறது, அதன் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் அந்த மாறிக்கு மதிப்பு உண்டு. கிரானில் இல்லை. ஷெல் அதைத் தவறு என்று சொல்லாது, வெறுமையாக எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும்; அதாவது கணினியின் வேரிலிருந்து எல்லாம். கற்பனை இல்லை. ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இதே அச்சில் ஒரு வரி இருந்து, ஒருவருடைய கோப்புகள் எல்லாம் அழிந்தது 2015 ஜனவரியில் பெரிய பேச்சாக இருந்தது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘செட்’ என்று எழுதி, சிறுகோடும் யு என்ற எழுத்தும் சேர்த்தால், மதிப்பில்லாத மாறியைத் தொட்ட உடனே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். குடியாத்தம்காரரின் மகன் அதைப் போட்டிருக்கிறானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

போட்ட மதிப்பு காணாமல் போகிறது என்பது இதே சங்கதியின் மறுபக்கம். ஸ்கிரிப்டுக்குள் எக்ஸ்போர்ட் (மாறியைச் சூழல் பட்டியலில் சேர்க்கும் கட்டளை) போட்டு ஒரு மாறியை வைக்கிறார்கள், ஸ்கிரிப்டை ஓட்டுகிறார்கள், முடிந்ததும் டெர்மினலில் மதிப்பைக் காட்டும் எக்கோ கட்டளையை அடித்தால் ஒன்றும் வருவதில்லை. எக்ஸ்போர்ட் என்றால் எல்லா இடத்துக்கும் போகும் என்று நினைப்பு. அது இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு மட்டும். ஓடிய ஸ்கிரிப்ட் உங்கள் ஷெல்லின் பிள்ளை. அது தன் மதிப்பைத் தன்னோடு எடுத்துக்கொண்டு முடிந்துபோயிற்று. ஸ்கிரிப்டுக்குள் ‘சிடி’ போட்டுக் கோப்புறை மாற்றினாலும் வெளியே வந்ததும் பழைய இடத்திலேயே நிற்பதற்கும் இதுவே காரணம். பிள்ளை பெறாமல் உங்கள் ஷெல்லே அந்த வரிகளைப் படிக்க வேண்டுமென்றால் சோர்ஸ் அல்லது ஒற்றைப் புள்ளி.

எங்கள் கம்பெனியில் இது வந்த வேஷம் கொஞ்சம் விசித்திரமானது. ஒவ்வொரு லைனிலும் தைத்து முடித்த ஜோடிகளைக் கூட்டிச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட். ‘கேட்’ கட்டளையால் கோப்பைத் திறந்து, பைப் போட்டு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பி), ‘வைல்’ சுற்றுக்குள் வரிவரியாகப் படித்துக் கூட்டல். சுற்றுக்குள் ஒவ்வொரு வரியிலும் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே வருவது கண்ணெதிரே தெரிகிறது. சுற்று முடிந்து அடுத்த வரியில் அச்சிட்டால் பூஜ்யம். சூப்பர்வைசர் ஐயா, “கம்ப்யூட்டரே ஜோடியைத் திருடுதேம்மா” என்றார். பேஷில் பைப்பின் இரண்டு பக்கமும் தனித்தனிப் பிள்ளைகளாக ஓடும். கூட்டியது பிள்ளை, அச்சிட்டது பெற்றவர். கேட்டும் பைப்பும் இல்லாமல், சுற்றின் கடைசியில் ‘டன்’ என்ற சொல்லுக்குப் பின் கோப்பைத் திருப்பிவிட்டால் தொகை நிற்கும். இஸட்ஷெல்லில் (இப்போதைய மேக் கணினிகளின் வழக்கமான ஷெல்) பைப்பின் கடைசிப் பகுதி பெற்ற ஷெல்லிலேயே ஓடுவதால் அங்கே இந்தப் பூஜ்யம் வராது. மேக் கணினியில் எழுதிக் கொண்டுவந்து, “என்னிடம் சரியாகத்தான் வருகிறது” என்று சாதித்தவர்களும் உண்டு. இருவர் சொல்வதும் உண்மைதான், ஷெல் வேறு.

ரீஸ்டார்ட் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். ரீஸ்டார்ட் செய்தால் எல்லா ப்ராசஸும் புதிதாகப் பிறக்கும். புதுப் பட்டியல் வாங்கிக்கொள்ளும். ஆகவே பல நேரம் ‘சரியாகிவிடும்’. எது சரியானது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அது போகட்டும், சில நேரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும். எங்கள் பேக்கிங் பிரிவில் பார்கோடு லேபிள் அச்சிடும் ஒரு சர்வர் நிரல் இருக்கிறது. அதை நிறுவ வந்த என்ஜினியர், டேட்டாபேஸ் முகவரியை ஒரு டெர்மினலில் எக்ஸ்போர்ட் போட்டு, அதே டெர்மினலிலிருந்து நிரலைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டார். எங்கும் எழுதி வைக்கவில்லை. மாதக்கணக்கில் ஓடியது. ஒரு மே மாத மத்தியானம் கரண்ட் போய், யு.பி.எஸ்-உம் கைவிட்டு, கணினி மறுபடி எழுந்தபோது நிரலைக் கிளப்பியது சிஸ்டம்டி (பின்னணி நிரல்களைத் தொடங்கி நடத்தும் நிரல்). அதனிடம் அந்த முகவரி ஏது? கன்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது, லேபிள் வரவில்லை. “மறுபடியும் ரீஸ்டார்ட் போடு” என்று ஆளாளுக்குக் குரல்.

ஓடும் ப்ராசஸ் எந்தப் பட்டியலோடு பிறந்தது என்று பார்க்க லினக்ஸிலேயே வழி இருக்கிறது. ‘ப்ராக்’ கோப்புறைக்குள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் எண்ணில் ஒரு கோப்புறை. அதற்குள் ‘என்விரான்’ என்ற கோப்பு. திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகத் தெரியும், ஏனென்றால் நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய எழுத்து. ‘டிஆர்’ கட்டளையால் அதை வரிமுறிவாக மாற்றிக்கொண்டால் வரிசையாகப் படிக்கலாம். பிறந்தபோது இருந்ததைத்தான் அது காட்டும் என்பதே அதன் பெருமை. யார் பெற்றது என்று பார்க்க ‘பிஎஸ்ட்ரீ’. அன்று லேபிள் நிரலின் என்விரான் கோப்பைத் திறந்து, டேட்டாபேஸ் வரியே இல்லை என்று கண்ட பிறகுதான் சத்தம் அடங்கியது. முகவரியை சிஸ்டம்டி படிக்கும் சர்வீஸ் கோப்பில் எழுதி வைத்தோம். அதன்பின் கரண்ட் எத்தனை முறை போனாலும் லேபிள் வருகிறது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இந்தக் கோப்பை ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வாசகர்களுக்கு அதுவே பெரிய உபகாரம். செய்த பிறகு அந்தத் தடயம் கிடைக்காது.

சூடோவைப் பற்றியும் ஒரு வரி. சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டால் வேலை கூடுதல் பலத்தோடு நடக்கும் என்று நினைத்து எதற்கெடுத்தாலும் போடுகிறார்கள். உபுண்டுவில் சூடோ உங்கள் பட்டியலில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, தன் பாத்தைத்தான் கொடுக்கும். சாதாரணமாக ஓடுவது சூடோவில் ஓடாமல் போவது அதனால்.

தமிழில் கோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் நேரும் ஒரு தொல்லையை உங்கள் பகுதியில் நான் இதுவரை பார்த்ததில்லை. ‘லேங்’ என்ற மாறிதான் எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று நிரல்களுக்குச் சொல்கிறது. ‘வேலூர்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் 6 குறிகள். வே, லூ இரண்டிலும் மெய்க்குரிய குறி ஒன்று, உயிர்க்குறி ஒன்று, கடைசியில் ர, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 18. லேங்கில் யூடிஎஃப்-8 இருந்தால் ‘டபிள்யூசி’ கட்டளை எழுத்துக் கணக்கில் 6 என்கும். லேங் இல்லாமல், அல்லது ‘சி’ என்று மட்டும் இருந்தால் அதே கட்டளை 18 என்கும். பேஷில் பெயரின் முதல் நான்கு எழுத்தை வெட்டச் சொன்னால், முதல் நிலையில் ‘வேலூ’ கிடைக்கும். இரண்டாம் நிலையில் ‘வ’வும் அதற்குப் பின்னால் அறுபட்ட ஒரு பைட்டும். அது திரையில் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறியாக நிற்கும். தொழிலாளர் பெயர்ப் பட்டியல் பகலில் அச்சிட்டால் நன்றாகவும், வாடகை சர்வரில் ராத்திரி அச்சிட்டால் கேள்விக்குறிகளாகவும் வந்தால் ஃபான்ட்டைக் குறை சொல்வார்கள். நாள் முழுக்க ஃபான்ட் மாற்றுவார்கள். சர்வரில் ‘லொக்கேல்’ என்று ஒரு சொல் அடித்துப் பார்ப்பது அரை நிமிட வேலை.

நேரமும் அப்படித்தான். வாடகை சர்வர் பலவும் உலகப் பொது நேரத்தில் ஓடும். அங்கே இரவு 11 என்று போட்டால் நம்மூரில் மறுநாள் விடியற்காலை 4.30-க்குத்தான் வேலை நடக்கும். ‘டேட்’ அடித்தால் பக்கத்திலேயே எந்த நேரம் என்று எழுதியிருக்கும்.

இனி உங்கள் பத்திரிகையின் மேல் நேரான புகார். அந்தப் பதிலில் பாத் வரியை அச்சிட்டிருந்தீர்கள். அதை அப்படியே பார்த்து அடித்தவர் கதி என்ன? சமக் குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அச்சாகியிருக்கிறது. ஷெல்லில் அந்த இடைவெளி கூடாது. எக்ஸ்போர்ட்டோடு அடித்தால் சமக் குறியே ஒரு பெயர் என்று எடுத்துக்கொண்டு, அது சரியான பெயர் இல்லை என்று பிழை சொல்லும். போகட்டும், பிழை சொல்வது நல்லது, ஆள் விழித்துக்கொள்வார். அதைவிட மோசம் மேற்கோள் குறி. உங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருள் நேரான குறியை வளைந்த குறியாக மாற்றிவிட்டது. செய்திக்கு அது அழகு. ஷெல்லுக்கு வளைந்த குறி மேற்கோள் அல்ல, வெறும் எழுத்து. இணையப் பதிப்பிலிருந்து அந்த வரியை நகலெடுத்து இடைவெளியை மட்டும் திருத்தி ஒட்டினால், ஷெல் மூச்சு விடாமல் ஏற்றுக்கொள்ளும். பாத்தின் முதல் கோப்புறையின் பெயருக்கு முன்னால் ஒரு வளைந்த குறி ஒட்டிக்கொள்ளும், கடைசிக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் இன்னொன்று. நடுவில் இருப்பவை எல்லாம் நன்றாக இருக்கும், ஆகையால் வழக்கமான கட்டளைகள் ஓடும். புதிதாகக் கடைசியில் சேர்த்த கோப்புறை இருக்கிறதே, எதற்காக இவ்வளவும் செய்தாரோ அது மட்டும் வேலை செய்யாது. திரையில் எக்கோ போட்டுப் பார்த்தால் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். ஒரு வாசகரை வாரக்கணக்கில் அலைய விட இதைவிடத் தேர்ந்த வழி எனக்குத் தெரியவில்லை.

இரட்டைச் சிறுகோட்டையும் உங்கள் மென்பொருள் ஒரே நீளக் கோடாகச் சேர்த்துவிடுகிறது. கட்டளையின் பல விருப்பங்கள் (ஆப்ஷன்கள்) அந்த இரட்டைக் கோட்டில்தான் தொடங்கும். முந்தைய சில இதழ்களிலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

ஆகவே வேண்டுகோள் இரண்டு. கட்டளை வரிகளை மட்டும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள தட்டச்சு எழுத்துருவில், தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு அச்சிடுங்கள். வரி நீளமாகி அடுத்த வரிக்கு மடிந்தால், அது மடிப்புதான், புது வரி அல்ல என்று ஓரத்தில் ஒரு அடையாளம் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தே ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டும்.

அடுத்து, கணினிக் கேள்வி அனுப்புகிறவர்களிடம் பிழைச் செய்தியோடு நாலு தகவல் சேர்த்துக் கேளுங்கள்: எந்த ஷெல்; கையால் ஓட்டியதா, கிரானா, சிஸ்டம்டியா, மெனுவில் படத்தைத் தட்டியதா; ஓடும் இடத்தில் என்வ் காட்டுவது என்ன; நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது. என்வ் பட்டியலில் பாஸ்வேர்டு இருந்தால் அழித்துவிட்டு அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள், நம் ஆட்கள் அப்படியே அனுப்பிவிடுவார்கள். இவை கையில் இருந்தால் மூன்று வரி இடத்திலேயே சரியான பதில் எழுத முடியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முந்தைய பதிலைத் திருத்தி ஒரு குறிப்பு போட்டால் நன்றாக இருக்கும். குடியாத்தம்காரர் ஏற்கெனவே 777 கொடுத்திருந்தால் அதை 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) ஆக்கச் சொல்லுங்கள். பேஷ்ஆர்சியில் வளைந்த குறியோடு ஒட்டிய வரி இருந்தால் எடுத்துவிட்டு, புது டெர்மினல் திறக்கச் சொல்லுங்கள். பழைய டெர்மினலில் பழைய பாத்தே இருக்கும். உபுண்டுவை மட்டும் மறுபடி நிறுவ வேண்டாம் என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாசகி, வேலூர்
(கம்பெனி விஷயம் எழுதியிருப்பதால் பெயர் வெளியிட வேண்டாம்)